கோப்பறையில் தொடங்கிய அறிமுகம்

பினாங்கு லைட் ஸ்திரீட்டில் நிமிர்ந்து நிற்கும் உயர்நீதிமன்றத்தின் முன்னே, ஆண்டில் பல நாள்களில் ஒரு சிறு திருவிழா நடப்பதைக் காணலாம். கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையும் அணிந்த இளைஞர்கள் படிகளில் நிற்பார்கள். அவர்களைச் சுற்றிப் பெற்றோரும் பாட்டிமாரும் பூச்செண்டுகளோடு கூடியிருப்பார்கள். நிழற்படம் எடுப்பவர் ஒவ்வொரு குடும்பத்தையும் மாற்றி மாற்றி நிறுத்துவார். நீதிபதியின் முன் மூத்த வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, இவர் நல்லொழுக்கமுடையவர், உரிய பயிற்சியை முடித்தவர், இவரை வழக்கறிஞராக ஏற்றருள வேண்டும் என்று முன்மொழிந்து முடித்த வேளை அது. ஒன்பது மாதப் பயிற்சிக் காலம் அத்துடன் நிறைவுறும்.

அந்நிழற்படங்கள் பலவற்றில், குடும்பத்தார்க்குத் தெரியாமலே ஒருவர் உடனிருப்பதுண்டு. உயர்நீதிமன்றத்தை அடுத்து நிற்கும் சலவைக்கல் நினைவுச்சின்னத்துக்கு உரியவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன்தான் அவர். ஸ்காட்லாந்தில் பிறந்து பினாங்கில் வழக்கறிஞராக விளங்கி, 1869-இல் இங்கேயே மறைந்தவர். ஐரோப்பியரல்லாத மக்களுக்காக வழக்காடியவர் என்பதனால் ஊரார் கூடி எழுப்பிய சின்னம் அது. ‘இந்தோனேசியா’ என்னும் பெயரை 1850-இல் தம் ஆய்விதழில் எடுத்தாண்டு பரவச் செய்தவரும் அவரே. இத்தீவில் 1807-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் நீதிமன்றம் தோன்றியது. அன்றுமுதல் இன்றுவரை எத்தனையோ வழக்கறிஞர்கள் வந்து போயினர். செல்வம் சேர்த்தவர் பலர். கல்லில் நின்றவர் இவர் ஒருவரே எனலாம்.

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படிகளில் நின்று படமெடுத்துக்கொண்டவர்களுள் மூவர், மறுவாரமே ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடு ஒன்றின் மாடிப்படிகளில் ஏறினர். கீழே பாத்திரக்கடை. மேலே வழக்கறிஞர் அலுவலகம். வீடு, நிலம் வாங்கி விற்கும் பத்திரங்களும் சாலை விபத்து வழக்குகளுமே இந்நகரின் பெரும்பாலான சட்ட அலுவலகங்களை வாழவைக்கின்றன. இவ்வலுவலகத்திலும் அவை இல்லாமலில்லை. ஆயினும், குடிநுழைவும் குடியுரிமையும் பற்றிய கோப்புகளே இங்கு மிகுதி. அவற்றால் வாடகைகூடத் தேறாது என்பது தெரிந்தும் முப்பது ஆண்டுகளாக அவற்றைக் கைவிடாதவர் அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர். அவரே அவ்வலுவலகத்தின் மூத்த வழக்கறிஞர். அவருக்கும் மூத்தவர் ஒருவர் அங்கே உண்டு. எழுபதை எட்டிய கிராணி அவர். அம்மையாருக்கு முன்பிருந்த வழக்கறிஞரிடம் பையனாகச் சேர்ந்தவர். அலுவலகம் கைமாறியபோது மேசை நாற்காலிகளோடு அவரும் கைமாறினார் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

வந்தவர் மூவருள் ஒருவர் சுங்கை பட்டாணிக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் தொடங்கிச் சட்டப் பட்டம்வரை வந்த பெண். மற்றொருவர் தஞ்சோங் பூங்காவில் மருத்துவர் வீட்டில் பிறந்து, இலண்டனில் பயின்று திரும்பிய இளைஞர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. மூன்றாமவர் ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த சீனப் பெண். ஹொக்கியனும் மலாயும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர்.

புதியவரை அறிந்துகொள்வது எங்ஙனம் என்பது பழைய சிக்கல். வள்ளுவர் பொருட்பாலில் இதற்கென்றே ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரமும், அதனையடுத்து ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார் என்பதைத் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. இக்காலத்து நிறுவனங்களோ, புதியவரின் படத்தைப் போட்டு, அவர் பெற்ற பட்டங்களையும் விரும்பும் விளையாட்டையும் நான்கு வரியில் எழுதி அறிமுகத்தை முடித்துவிடுகின்றன. அம்மையாரின் வழக்கம் வேறு. முதல் நாள் காலை, தேநீர் வரவழைத்து, மூவரையும் தம்முன் அமர்த்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் இந்த மண்ணில் கால்வைத்தவர் யார்? அவர் எந்தக் காகிதத்தைக் காட்டி உள்ளே வந்தார்?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நேர்முகத் தேர்வில் அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். இதற்கு விடை எவரிடமும் இல்லை. ஒரு வாரத்துக்குள் வீட்டிலுள்ள பழைய பத்திரங்களைத் தேடிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அம்மையார் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டுவிட்டார். அவ்வளவுதான் வரவேற்பு.

இக்கேள்வி வீண் கேள்வியன்று. 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற்சட்டப்படி, நல்லொழுக்கமும் பயிற்சியும் மட்டும் ஒருவரை வழக்கறிஞர் ஆக்கிவிடா. அவர் இந்நாட்டின் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். அங்கி அணிந்து படியில் நின்ற மூவரும் தத்தம் அடையாள அட்டையின் நகலை மனுவோடு இணைத்தவர்களே. இணைத்தபோது அதனை ஒரு சடங்காக எண்ணினரேயன்றி, அந்த நீலநிற அட்டை தம் கைக்கு வந்த வழியை எண்ணிப் பார்த்ததில்லை. கையில் உள்ளவனுக்கு அது காகிதம். இல்லாதவனுக்கு அதுவே கதவு.

ஒரு வாரத்துக்குப் பின் மூன்று குடும்பங்களின் கதைகள் அம்மையாரின் மேசைமீது விரிந்தன. இளைஞரின் பாட்டனார் பினாங்குத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புகைவண்டிப் பகுதியில் கிராணியாக வேலை பார்த்தவர். தீவு அன்று நேரடிப் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தமையால், இங்குப் பிறந்தவர் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு உருவானபோது, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிலைத்திருந்த பிரிட்டிஷ் பிரஜைகள் தாமாகவே கூட்டரசுக் குடிமக்கள் ஆயினர். பாட்டனார் ஒரு படிவமும் நிரப்பவில்லை. ஓர் அலுவலகத்தின் வாயிலிலும் நிற்கவில்லை.

தோட்டத்துப் பெண்ணின் பாட்டனார் நிலை அவ்வாறன்று. அவர் பிறந்தது கடலுக்கு இக்கரையில், கெடா மாநிலத்துத் தோட்டத்தில். படகேறினால் அடையக்கூடிய தொலைவுதான். ஆனால், மலாய் மாநிலங்களில் பிறந்தவர், தம் தந்தையின் பிறப்பையோ நெடுங்கால வசிப்பையோ மெய்ப்பித்தாக வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்து பால்வெட்டும் ஒருவர் எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்? 1957 ஆகஸ்ட் 31-இல் மெர்டேக்கா வந்தபின், ஓராண்டுக் காலம் மலாய்மொழித் தேர்வில்லாமலே விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டிருந்தது. தொழிற்சங்கத்தார் ஒருவர் படிவக் கட்டோடு தோட்டத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையன்று பாட்டனார் வீட்டிலிருந்தார். அதனால் குடிமகனானார். பாட்டி அன்று பிரசவம் பார்க்க அடுத்த தோட்டத்துக்குப் போயிருந்தாராம். சாகும்வரை சிவப்பு அட்டையே அவருக்கு. “ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் குடும்பமே இரண்டு நிறமாகிப் போனது, மேடம்” என்றார் அந்தப் பெண். ஆயர் ஈத்தாம் பெண்ணின் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஊரும் மொழியும் வேறு, அவ்வளவே.

அம்மையார் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னர், “இனி உங்களிடம் வருகிறவர் யாரும் உங்களுக்கு அந்நியர் அல்லர்” என்றுமட்டும் சொல்லி, மூவரையும் கிராணியிடம் அனுப்பினார். மூன்று மாதம் கோப்பறையில் இருக்க வேண்டும். கட்சிக்காரரைப் பார்க்கக் கூடாது. பழைய கோப்புகளை எடுத்துப் படிக்க வேண்டும்.

அக்கோப்பறை ஒரு தனி உலகம். சன்னலைத் திறந்தால் லெபோ பந்தாய் பக்கத்துக் கடற்காற்றும், சில நாள்களில் லிட்டில் இந்தியாவின் சாம்பிராணி மணமும் வரும். 1969-க்குப் பிந்தைய கோப்புகள் ஒரு சுவர் முழுவதையும் அடைத்திருந்தன. முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்ற நிலை அப்போது கடுமையாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தை வீடென எண்ணியிருந்த தொழிலாளர் பல்லாயிரவர், தாங்கள் அயலார் என்பதைச் சுற்றறிக்கை மூலம் அறிந்தனர். பினாங்குத் துறைமுகத்திலிருந்து ‘ரஜுலா’ கப்பலேறித் தமிழகம் மீண்டவர் எத்தனையோ பேர். கணவன் ஓர் அட்டையும் மனைவி ஓர் அட்டையுமாக இருந்து, கப்பல் பிரித்த குடும்பங்களும் உண்டு. கிராணி அப்போது இளைஞர். துறைமுகத்தில் பெட்டிகளுக்கு இடையே பலகையைப் போட்டு அமர்ந்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அதைப்பற்றிக் கேட்டால் அதிகம் பேசமாட்டார்.

கிராணியின் பாடமுறை விந்தையானது. சட்டத்தை அவர் சொல்லித் தருவதில்லை. “சட்டம் உங்களுக்குத் தெரியும். எனக்குக் காகிதம் தெரியும்” என்பார். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் ஒருவரின் பெயரைத் தேடுவது எப்படி, தோட்ட ஆஸ்பத்திரியின் டிரெசர் எழுதிய குறிப்பு எங்கே கிடைக்கும், ஆயாக் கொட்டகைப் பதிவு என ஒன்று இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். பெயர் எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு வாரம் பேசினார். ஒரே மனிதர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறொரு விதமாகவும் எழுதப்பட்டு மூவராகிவிடுவதுண்டு. பெயரில் ழகரம் ஒன்று இருந்துவிட்டால் தொல்லை இரட்டிப்பாகும். பதிவு செய்தவர் மலாய்க்காரராக இருந்தால் ஓர் எழுத்து, சீனராக இருந்தால் ஓர் எழுத்து, தமிழராகவே இருந்தாலும் அவர் எந்த ஊர்த் தமிழர் என்பதைப் பொறுத்து ஓர் எழுத்து. தமிழின் சிறப்பெழுத்து என்று வகுப்பறையில் நாம் பெருமையோடு கற்பிப்பது, பதிவலுவலகத்தில் ஒரு குடும்பத்தையே அலைக்கழித்துவிடுகிறது.

ஒருநாள் இளைஞர் பொறுமையிழந்தார். “ஐயா, இதெல்லாம் கிராணி வேலை. இதற்காகவா நான் லண்டனில் படித்தேன்?” என்று கேட்டுவிட்டார். கேட்ட கணமே அவருக்கு நாணமாயிற்று. கிராணி கோபிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “தம்பி, இந்தத் தொழிலில் கட்சிக்காரன் பொய் சொல்லமாட்டான், காகிதம்தான் பொய் சொல்லும். அதைக் குறுக்கு விசாரணை பண்ணத் தெரியாதவன் எங்கே படித்தாலும் ஒன்றுதான்” என்றார்.

சீனப் பெண்ணுக்கு இப்பயிற்சி விரைவில் சலித்தது. அவருடைய நாட்டம் வேறு திசையில் இருந்தது. அயல்நாட்டுத் தொழிலாளரும் மியன்மாரிலிருந்து தப்பி வந்தோரும் பிடிபடும் வழக்குகளை அவர் ஏற்றார். ஜூரு தடுப்பு முகாமுக்கு முதன்முறை போய்வந்த அன்று அவர் மதிய உணவைத் தொடவில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. ஆகவே, அனுமதியின்றி நுழைந்தவர் எவராயினும், 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி பத்தாயிரம் வெள்ளிவரை அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ இரண்டுமோ பெறலாம். ஆறு பிரம்படிவரை கூடுதலாகவும் விதிக்கப்படலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 5-ஆம் விதி. குடிமகனல்லாதவர் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ்க் கைதானால், அந்த 24 மணி நேரம் 14 நாளாக நீள்கிறது. சட்டப் புத்தகத்தில் இதனை ஒரு வரியாகப் படிப்பது எளிது. முகாமில் காத்திருப்பவருக்கு அது பதினான்கு இரவு.

மே மாதத்தில் கோப்பறைப் பயிற்சி முடியும் தறுவாயில், பிறையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மாதம் 9-ஆம் நாள்தான் நாடு வாக்களித்து ஆட்சியை மாற்றியிருந்தது. படகுத்துறையிலும் உணவுக்கடையிலும் அதே பேச்சு. வந்த மூவருள் தந்தையின் விரலில்மட்டும் மையின் கறை மங்கி நின்றது. தாய்க்கும் மகளுக்கும் வாக்கு இல்லை. அட்டையே இல்லை. எந்த நிறத்திலும் இல்லை.

மகள் இந்நாட்டில், அரசு மருத்துவமனையில் பிறந்தவள். பிறப்புப் பத்திரமும் உண்டு. ஆனால், அதில் ‘புக்கான் வார்காநெகாரா’, குடிமகள் அல்லள், என்ற குறிப்பு இருந்தது. தந்தை குடிமகனாயிற்றே என வாசிப்பவர் வியக்கலாம். இங்கேதான் தோட்டப்புறத் தமிழர் பலரும் அறியாத ஒரு முடிச்சு இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், முஸ்லிமல்லாதார் திருமணங்கள் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். கோவிலில் ஐயர் மந்திரம் ஓத, ஊரறியத் தாலி கட்டினாலும் பதிவில்லையேல் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய்வழியே பார்க்கப்படும் என்பது அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை. தாயிடம் அட்டை இல்லாததால் திருமணத்தைப் பதிவு செய்ய இயலவில்லை. திருமணம் பதிவாகாததால் மகள் தந்தையின் குடியுரிமையைப் பெறவில்லை. இல்லாமை ஒரு சொத்தைப்போல் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கியிருந்தது.

அந்தப் பெண் எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் சிறந்த தேர்ச்சி பெற்றவள். தாதியாக விரும்பினாள். அரசுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வழியில்லை. பிறையில் துணிக்கடையொன்றில் நின்றுகொண்டிருந்தாள். வரும் ஆகஸ்டு மாத இறுதியில் அவளுக்கு 21 வயது நிறையும். சிறப்புச் சூழ்நிலையில் எந்தப் பிள்ளையையும் குடிமகனாகப் பதிவு செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் 15ஏ விதி, 21 வயதுக்கு உட்பட்டவர்க்கே உரியது. மூன்று மாதமும் சில நாள்களுமே எஞ்சியிருந்தன.

அம்மையார் அக்கோப்பை எவரிடம் கொடுப்பார் என்று அலுவலகமே எதிர்பார்த்தது. தோட்டத்தில் பிறந்த பெண்ணிடம் கொடுப்பதே பொருத்தம் எனத் தோன்றியது. அவர் அதனை இளைஞரிடம் கொடுத்தார். கிராணிகூடப் புருவத்தை உயர்த்தினார்.

15ஏ விண்ணப்பம் எழுதுவதில் பெருஞ்சிரமமில்லை. ஆனால், அஃது ஒருவரின் கருணையை நாடி நிற்பது. மறுத்தால் காரணம் கேட்க முடியாது. மேல்முறையீடும் இல்லை. உரிமையாக வரும் வழி ஏதேனும் உண்டா என்று இளைஞர் நூல்களைப் புரட்டினார். அவருக்கு ஒன்று புலப்பட்டது. 1962 அக்டோபருக்குமுன், மெர்டேக்காவுக்குப்பின் இங்கே பிறந்த எவரும் குடிமக்கள். அதன்பின் பிறந்தவராயின், பிறந்த வேளையில் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதியுடையவராகவோ இருந்திருக்க வேண்டும். மகளைப்பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இளைஞர் தாயைப் பார்த்துக் கேட்டார்: “அம்மா, உங்களைப் பெற்ற அம்மாவிடம் என்ன அட்டை இருந்தது?”

“செவப்பு ஐசி, ஐயா” என்றார் அந்தத் தாய்.

அந்த இரு சொற்களில் வழக்கின் திசையே மாறியது. பாட்டி சிவப்பு அட்டைக்காரர், அதாவது நிரந்தர வசிப்பிடத் தகுதியுடையவர் என்றால், அவருக்கு இந்நாட்டில் பிறந்த மகள் பிறந்த நாள்முதலே சட்டப்படி குடிமகள். நாற்பது ஆண்டுகளாக அட்டையில்லாமல் ஒளிந்து வாழ்ந்தவர், உண்மையில் ஒருநாளும் அயலாராக இருந்ததில்லை. தாய் குடிமகளென்றால் மகளும் குடிமகளே. அதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால், இவை யாவும் ‘என்றால்’ என்ற சொல்லில் தொங்கின. தாய் பிறந்தது 1976-இல், தென் கெடாவின் தோட்டமொன்றில், லயத்து அறையில், மருத்துவச்சியின் கையில். பிறப்பை எவரும் பதியவில்லை. பாட்டி இறந்துவிட்டார். தோட்டம் துண்டாடப்பட்டு, இன்று அங்கே வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று சொல்வாரில்லை.

“அம்மா பள்ளிக்கூடம் போயிருக்கிறார்களா என்று கேளுங்கள்” என்றார் கிராணி, தலை நிமிராமலே.

போயிருந்தார். மூன்றாம் வகுப்புவரை. தோட்டப்பள்ளியும் பின்னர் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டிருந்தது. அதன் பழைய பதிவேடுகள் இப்போதைய பள்ளியின் பண்டக அறையில், விளையாட்டு விழாக் கொடிகளுக்கு அடியில் கிடந்தன. அங்குள்ள தலைமையாசிரியை இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிட்டு அவற்றைத் தட்டி எடுத்து அடுக்கி வைத்திருந்தார். அவரைக் கட்டாயப்படுத்திய சுற்றறிக்கை எதுவும் இல்லை. தோட்டத்துப் பெண்ணும் இளைஞருமாகச் சென்று 1983-ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினர். படிவம் மலாயில் அச்சிடப்பட்டிருந்தது. தாயின் பெயர் இருந்தது. பெற்றோர் பெயர் இருந்தது. பாட்டியின் அடையாள அட்டை எண் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பிறப்புப் பத்திர எண்ணுக்குரிய கட்டம்மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் பக்கத்தில் குறிப்புப் பகுதியில், அன்றைய ஆசிரியர் நீலமையால் தமிழில் ஏதோ எழுதியிருந்தார்.

உடன்வந்த பெண் அதனை ஒரு நொடியில் படித்துவிட்டார். ஆயினும் சொல்லவில்லை. இளைஞர் முன்னிரு மாதங்களாகக் கிராணியிடம் மாலை நேரங்களில் தமிழெழுத்துப் பழகிவந்தது அவருக்குத் தெரியும். இளைஞர் விரல்வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்: “பத்திரம் பின்னர் கொண்டுவருவார்.”

அறையில் இருந்த எவரும் சற்று நேரம் பேசவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பத்திரமில்லாத பிள்ளை என்று திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்ட ஓர் ஆசிரியர், தம் மனச்சான்றுக்காகவோ மேலதிகாரிக்காகவோ எழுதிவைத்த ஒரு வரி அது. அவ்வாசிரியர் யாரென்று கையெழுத்திலிருந்து அறிய முடியவில்லை. அவர் விதிமுறையை அப்படியே பின்பற்றியிருந்தால் அப்பெயரே அங்கு இருந்திராது.

பதிவேட்டின் சான்றுநகல், உயிரோடிருந்த உறவினர் இருவரின் சத்தியப் பிரமாண வாக்குமூலம், பாட்டியின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கூட்டித் தாயின் பிறப்பைக் காலங்கடந்து பதிவு செய்ய மனுச் செய்தனர். மகளுக்காக 15ஏ விண்ணப்பமும், 21 வயது நிறைவதற்குப் பத்தொன்பது நாள் முன்னதாகத் தேசியப் பதிவுத்துறையில் சேர்ந்தது. அதன் பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டிய இளைஞர், மேலட்டையில் மகளின் பெயரை ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதினார். அதிலொரு ழகரம் இருந்தது. ளகரமாக எழுதிவிட்டார். கிராணி ஒன்றும் சொல்லாமல் சிவப்பு மையால் திருத்தினார்.

15ஏ விண்ணப்பத்துக்கு விடை 2020-இன் தொடக்கத்தில் வந்தது. நிராகரிப்பு. ஒரே வரி, காரணம் இல்லை. அந்தப் பெண் அதனைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, “சரிங்க” என்றாளாம். வேறொன்றும் சொல்லவில்லையாம். பின்னர்ப் பெருந்தொற்று வந்து அலுவலகங்கள் யாவும் மூடிக் கிடந்தன. தாயின் பிறப்புப் பதிவு 2021-இல் முடிந்தது. பத்திரத்தில் ‘வார்காநெகாரா’ என்று இருந்தது. அதன்பின் மகளின் நிலையும் திருத்தப்பட்டது. அப்போது அவளுக்கு 24 வயது. தாதியர் பயிற்சிக்குத் தோழியரெல்லாம் போய் முடித்தும் திரும்பியிருந்தனர். அவள் துணிக்கடையில் கணக்கெழுதும் வேலைக்கு உயர்ந்திருந்தாள். 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், அயல்நாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாயர்க்கு நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமையை வழங்கியது. அதே திருத்தம், 15ஏ போன்ற விதிகளின் வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கவும் வகைசெய்தது. அந்த மூன்று ஆண்டு என்னவென்பதைப் பிறைப் பெண்ணைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மூவருள் இன்று அவ்வலுவலகத்தில் இருப்பவர் இருவரே. தோட்டத்துப் பெண் இரண்டாம் ஆண்டின் முடிவில் கோலாலம்பூரில் பெரிய நிறுவனமொன்றுக்குச் சென்று வீட்டுப் பத்திர வேலையில் அமர்ந்துவிட்டார். பாதியில் விட்டுப்போனார் என்று குறைகூறியவர் உண்டு. கல்விக்கடனும், தம்பிமார் இருவரின் படிப்பும் தம் தோளில் இருக்க, வாடகைகூடத் தேறாத கோப்புகளைக் கட்டியழும் வசதி அவருக்கில்லை. தொண்டு செய்வதற்கும் ஓரளவு சொத்து வேண்டியிருக்கிறது என்பது கசப்பான உண்மை. அம்மையார் அவரை வழியனுப்பியபோது, அவருடைய பாட்டியின் சிவப்பு அட்டை நகலைத் திருப்பிக் கொடுக்க எடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இங்கேயே இருக்கட்டும் மேடம் என்றார். அது இன்னும் கோப்பறையில் இருக்கிறது.

2021-இன் இறுதியில் ஒரு நாள், பிறைத் தாய் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பையில் புதிய நீல அட்டை. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என எண்ணி இளைஞர் தேநீர் வரவழைத்தார். அவர் கேட்டது வேறு. அந்தப் பள்ளிக்கு எப்படிப் போவது, எந்தப் பேருந்து, தலைமையாசிரியை எந்த நேரத்தில் இருப்பார் என்று விசாரித்தார்.

“எதுக்கும்மா?”

“வாத்தியாரு எழுதி வெச்சிருக்காருல்ல, ஐயா, பொறந்த சூராட்டு அப்பறமா கொண்டாருவான்னு. கொண்டு போய்க் குடுக்கணும்.”

இளைஞரே தம் காரில் அழைத்துச் சென்றார். தலைமையாசிரியை பண்டக அறையிலிருந்து பதிவேட்டை எடுத்துவரச் செய்தார். முடித்துக் கட்டப்பட்ட பழைய பதிவேட்டில் புதிதாக எழுதுவதற்கு விதி இடங்கொடாது என்பது அவருக்குத் தெரியும். சிறிது நேரம் யோசித்தார். பின்னர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து, பத்திரத்திலிருந்த எண்ணை இருமுறை சரிபார்த்து, 1983-ஆம் ஆண்டுமுதல் வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்தில் மெல்லிய எழுத்தில் எழுதினார்.